ஆறரை மணிக்குக் கடிக்கும் குழாய்

எங்கள் சமையலறைக் குழாய் தினமும் மாலை ஆறரை மணிக்குக் கடிக்க ஆரம்பித்து ஏழரைக்கு நிறுத்திக்கொள்ளும். இதை முதல்முறை சொன்னபோது என் கணவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "எப்பலேருந்தும்மா இப்படி இருக்கு?" என்றார். டாக்டர் கேட்கிற மாதிரி. அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடி என்றால், ஈர விரலால் குழாயின் பிடியை லேசாகத் தொட்டவுடன் சுருக்கென்று ஒன்று. அழுத்திப் பிடித்துவிட்டால் தெரியாது. கையை எடுக்கும்போது மறுபடி ஒரு சுருக். ஊசி குத்துவது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், நான் தையல்காரி. கடைத்தெருவில் இருபத்தாறு வருடமாக மிஷின் போட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவி, இதில் பருத்தி எவ்வளவு, பாலியஸ்டர் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். ஜவுளிக் கடைக்காரர் சொன்னதை நம்பாமல் என்னிடம் கொண்டுவந்து தடவிப் பார்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் பிழைப்பு இந்தப் பத்து விரல் நுனியில்தான் இருக்கிறது.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை லிஃப்டில், உயிர் ரேடியோவில். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, தனக்கென்று ஒரு அழைப்புக்குறியும் வைத்துக்கொண்டு, மாடியறையில் உட்கார்ந்தபடி கூரைமேல் கட்டிய கம்பி வழியாக ஊர் ஊராகப் பேசுகிற பொழுதுபோக்கு. தினமும் ஆறரைக்கு ஒன்பது பேர் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். பல் டாக்டர் ஒருவர், பேக்கரி வைத்திருப்பவர் ஒருவர், கணக்கு வாத்தியார் ஒருவர், இப்படி. உலகத்தைப் புரட்டிப் போடும் பேச்சு ஒன்றும் இருக்காது. மழை, முதுகுவலி, புது ஆன்டெனா, பழைய ஆன்டெனா. ஆனாலும் ஒரு நாள் ஒருவர் வராவிட்டால் மற்ற எட்டுப் பேருக்கும் சோறு இறங்காது.

அந்தக் கூட்டத்தில் இவருக்குப் பெயர் எர்த் அண்ணன். மின்சாரம் வழி தவறினால் ஆளைத் தொடாமல் நேராக மண்ணுக்குள் போய்விடட்டும் என்று ஒரு கம்பி போட்டு வைப்பார்களே, அந்த எர்த். புதிதாக யார் சேர்ந்தாலும் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "எர்த் எங்க கொடுத்திருக்கீங்க?" என்று கேட்பார். சங்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை இதைப் பற்றிப் பாடம் நடத்துவார். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாவைத் தனியாக அழைத்துப்போய், ஜெனரேட்டருக்கு எர்த் போட்டாச்சா என்று விசாரித்து என் மானத்தை வாங்கியிருக்கிறார். வானம் லேசாகக் கறுத்தாலே ஓடிப்போய் ஆன்டெனா கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் மறுவேலை. அவ்வளவு கவனமான மனிதர் என்பதில் எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமையைத்தான் குழாய் கடித்தது.

நான் கூப்பிட்டதும் வரமாட்டார் என்று சொல்ல முடியாது. உடனே வருவார். "நண்பர்களே, ஒரு நிமிஷம், வீட்ல கூப்பிடறாங்க" என்று மரியாதையாகச் சொல்லி, மைக்கைக் கீழே வைத்து, மீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கி வருவார். மீட்டரின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைச் சுவரிலிருக்கும் எர்த்திலும் வைப்பார். சைபர். சிங்க்கில் வைப்பார். சைபர். தரையைத் துடைத்துவிட்டு வைப்பார், ஈரத்தோடு வைப்பார். சைபர், சைபர். ஒரு நோட்டில் தேதியோடு எழுதியும் வைத்தார். பதினேழு தடவை அளந்து பதினேழு சைபர்.

பேசும்போது மட்டும்தான் அந்த ரேடியோ கம்பிக்குச் சக்தியை அனுப்பும். மைக்கைக் கீழே வைத்துவிட்டால் அது வெறும் பெட்டி. பெட்டி சும்மா இருந்தால் குழாயும் பரம சாது. இவர் மைக்கை வைக்காமல் கீழே வர முடியாது, கீழே வந்தால் கடி இருக்காது. படித்த மனிதருக்கு இது பதினேழு தடவையிலும் தோன்றவில்லை.

எனக்கு ஒரு வாரத்தில் தோன்றிவிட்டது. ஏனென்றால் அந்தச் சுருக் ஒரே சீராக வராது. பேச்சு மாதிரி வரும். நீளமாக, துண்டு துண்டாக, நடுவில் மூச்சு விட்டு. அவர் குரல் ஏறும்போது கடியும் ஏறும், அவர் யோசிக்கும்போது அதுவும் நிற்கும். ஒருநாள் மூன்று குட்டிச் சுருக்குகள் அடுத்தடுத்து வந்தன. மாடியில் இவர் சிரித்துக்கொண்டிருந்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், அதற்குள் இருக்கும் சின்ன விளக்கும் அவர் பேச்சுக்குத் தகுந்தபடி மினுக் மினுக்கென்றது.

"நீங்க பேசினாத்தாங்க கடிக்குது," என்றேன்.

"அதெப்படிம்மா கடிக்கும்? நம்ம ரேடியோவுக்குத்தான் எர்த் இருக்கே."

"டெஸ்டர் எரிஞ்சுதே, நானே பார்த்தேன்."

"எங்க, இப்ப காட்டு."

இப்போது எப்படி எரியும்? இவர்தான் என் எதிரில் நிற்கிறாரே. "பழைய டெஸ்டர்," என்று அதை வாங்கித் தூக்கிப் போட்டுவிட்டார்.

"சரி, நீங்க இங்க குழாயைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் மேல போய்ப் பேசறேன்."

இவர் முகம் மாறிவிட்டது. "உரிமம் இல்லாதவங்க மைக் பட்டனைத் தொடக் கூடாது. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தா அது வேற. நான் கீழ, நீ மேலன்னா சட்டப்படி தப்பு." சட்டம் என்று வந்துவிட்டால் இவரிடம் நெல்முனை அளவுகூட இடம் கிடைக்காது.

மற்ற எட்டுப் பேரில் யாரையாவது கூப்பிட்டுப் பேச வைக்கலாமே என்று பல் டாக்டரிடம் போனில் கேட்டேன். "அண்ணன் வீட்ல எர்த் கோளாறா? அக்கா, சூரியன் மேற்கே உதிச்சுதுன்னு சொல்லுங்க, நம்பறேன்," என்று விழுந்து விழுந்து சிரித்தார். எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன். காலை பதினோரு மணிக்கு வந்து, வீடு முழுக்கப் பார்த்துவிட்டு, "சார் வேலை சுத்தமா இருக்கும்மா, நான் கைவைக்க ஒண்ணுமில்ல," என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். பதினோரு மணிக்கு இவர் எங்கோ ஒரு லிஃப்டுக்குள் இருந்தார்.

இதற்குப் பிறகுதான் நரம்பு டாக்டர் கதைக்குள் வந்தார்.

"வயசானா விரல் நுனியில இப்படி வர்றது சகஜம்மா. பயப்படாத, நான் கூட வர்றேன்," என்று என் கணவர் அரை நாள் லீவு போட்டு அவரிடம் அழைத்துப் போனார். அன்பாகத்தான் அழைத்துப் போனார், அதுதான் இன்னும் கொடுமை. டாக்டர் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டினார், குளிர்ந்த கம்பியை வைத்தார், கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தடவினார். பிறகு என்னிடம் பேசாமல் இவரிடம் பேசினார். வைட்டமின் எழுதிக் கொடுத்தார். தையல் வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்.

அன்று கடைக்குப் போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு சட்டைக் காலரைத் தடவிப் பார்த்துவிட்டு, இது நிஜமாகவே அறுபதுக்கு நாற்பதுதானா என்று ஒரு கணம் சந்தேகப்பட்டேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. அழுகை வந்தது. குழாய் கடித்ததற்கு ஒருநாளும் அழவில்லை, இதற்கு அழுதேன். என் வீட்டில் எனக்கு நடப்பதை நான் சொன்னால் எடுபடாது, மீட்டர் சொன்னால்தான் எடுபடும் என்றால் நான் யார்?

அடுத்த மாதம் என் பிறந்தநாள். ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கி வந்தார், மஞ்சள் நிறத்தில். "இதைப் போட்டுக்கிட்டுப் பாத்திரம் தேய்ச்சா உனக்கு நிம்மதியா இருக்கும்," என்றார். முகத்தில் அத்தனை சந்தோஷம். பிரச்சினையைத் தீர்த்துவிட்ட சந்தோஷம். கையுறையைப் போட்டுக்கொண்டேன், கடிக்கவில்லை. கையுறைக்குள் என் கை கொதித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் அவருடைய அலமாரியிலிருந்து அந்தப் பழைய உரிமப் பரீட்சைப் புத்தகத்தை எடுத்தேன்.

உரிமம் இல்லாமல் பட்டனைத் தொடக் கூடாது, அவ்வளவுதானே? வாங்கிவிட்டால் போயிற்று. ஐம்பத்திரண்டு வயதில் இதற்காகப் பரீட்சையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். பிடிவாதம் என்று வந்துவிட்டால் எனக்கு வயது தெரியாது.

கடையில் வைத்துத்தான் படித்தேன். சட்டை மாடல் புத்தகத்துக்குள் ரேடியோ புத்தகம். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஒரு பெண் நான் எழுதிவைத்திருந்த ஓம் விதியைப் பார்த்து, "இது யாரோட அளவு அக்கா?" என்று கேட்டாள். கணக்கு முதலில் கண்ணைக் கட்டியது. பிறகு பிடிபட்டது. துணியைக் கோணலாக வெட்டினால் எவ்வளவு இழுபடும் என்று மனக்கணக்கில் போடுகிறவளுக்கு இது என்ன பிரமாதம்?

எர்த் பற்றிய அத்தியாயத்தை மட்டும் நாலு தடவை படித்தேன். இரண்டாவது தடவையிலேயே ஒரு வரியில் நின்றுவிட்டேன். தண்ணீர்க் குழாயை நம்பி எர்த் கொடுக்காதே, இரும்புக் குழாய் என்று நினைத்திருப்பாய், நடுவில் எங்காவது பிளாஸ்டிக் இருந்தால் அது மண்ணைத் தொடவே தொடாது என்று போட்டிருந்தது. இந்தக் கடி ஆரம்பிப்பதற்குச் சில நாள் முன்னால்தான் பிளம்பர் வந்து, துருப்பிடித்திருந்த நிலத்தடிக் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் பிளாஸ்டிக் குழாய் பதித்துவிட்டுப் போனார். இவர் வேலையில் இருந்தார், பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதற்கு எட்டு வருடம் முன்பு இவர் ரேடியோவின் எர்த் கம்பியைக் கொண்டுபோய்ச் சுற்றியிருந்தது அந்த நிலத்தடிக் குழாயிலிருந்து சமையலறைக்கு ஏறும் இரும்புக் குழாயில்தான். அப்போது அது உருப்படியாக மண்ணுக்குள் போனது. இப்போது எங்கேயும் போகவில்லை. மண்ணுக்குப் போக வழியில்லாமல் சக்தி என் சமையலறைக்கு வந்து, குழாய் நுனியில் நின்றுகொண்டு, ஆள் தேடிக்கொண்டிருந்தது. வீட்டு மின்சாரத்துக்குத் தனி எர்த், ரேடியோவுக்குத் தனி எர்த், இரண்டுக்கும் ஒட்டு உறவு கிடையாது. அதுவும் தப்பு என்று அடுத்த பக்கத்தில் போட்டிருந்தது. தனியாக இருந்தால் ரேடியோவில் இரைச்சல் குறையும் என்று இந்த ரேடியோக்காரர்களுக்குள் ஒரு நம்பிக்கையாம். எர்த் அண்ணன் நடத்துகிற பாடத்தில் நாலாவது பாயிண்டே அதுதான்.

அன்று சாயங்காலமே கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. காட்டியிருந்தால் "அட, ஆமா" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிட்டிருப்பார். குழாய் சரியாகியிருக்கும். என் விரல் பொய் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருக்காது. ஆகவே கையுறையைப் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன், கடையில் படித்தேன்.

பரீட்சை எழுத வந்தவர்களில் என்னைத் தவிர எல்லாருக்கும் மீசை, அல்லது மீசை வரப்போகிற வயது. கண்காணிப்பாளர், "பிள்ளைய விட்டுட்டு வெளியில வெயிட் பண்ணுங்கம்மா," என்றார். ஹால் டிக்கெட்டை நீட்டினேன். தேறினேன். எழுத்தும் எண்ணுமாக என் அழைப்புக்குறி ஒரு பழுப்பு உறையில் வந்தது. அதை வாசலிலேயே நின்று ஆறு தடவை படித்தேன். சும்மா சொல்லக் கூடாது, எதற்காக வாங்கினேன் என்பதே ஒரு கணம் மறந்துபோகும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்று மாலை ஆறு இருபதுக்கு அதைக் கொண்டுபோய் இவர் மேஜையில் வைத்தேன். எடுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இது... உன் பேரு."

"ஆமா."

"எப்பம்மா எழுதின?"

"நீங்க சைபர் எழுதிக்கிட்டிருந்தப்போ."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையில். என் கோபம் பாதி அங்கேயே கரையப் பார்த்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "இப்ப நான் பட்டனை அழுத்தலாமில்ல?" என்றேன்.

"தாராளமா."

"அப்ப கீழ போங்க. செருப்பில்லாம நில்லுங்க. கையை நனைச்சுக்கிட்டு, குழாயை ஒரு விரலால லேசாத் தொடுங்க. இறுக்கிப் பிடிக்காதீங்க. நான் கூப்பிடற வரைக்கும் எடுக்காதீங்க."

இவர் சிரித்துக்கொண்டே போனார். குழந்தையின் ஆசைக்கு ஒளிந்து விளையாடப் போகிறவர் மாதிரி போனார். அவர் வைத்திருந்த சக்தியை நான் பாதியாகக் குறைத்தேன். ஆயிரம்தான் இருந்தாலும் கட்டிய புருஷன்.

ஆறரை. மைக்கை எடுத்தேன். பட்டனை அழுத்தி, என் அழைப்புக்குறியை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். "எல்லாருக்கும் வணக்கம். எர்த் அண்ணன் வீட்டிலிருந்து பேசறேன். இது என் சொந்த உரிமம். முதல் தடவையாப் பேசறேன்..."

கீழே இருந்து ஒரு அலறல் வந்தது. என் இத்தனை வருட இல்லறத்தில் அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்ததில்லை. பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டேன். எட்டு வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"அக்கா! என்னாச்சு அக்கா?" பல் டாக்டரின் குரல். "யாரு அது கத்தினது?"

"உங்க அண்ணன்தான். கொஞ்சம் இருங்க," என்றேன்.

படி ஏறி வரும் சத்தம் மெதுவாகக் கேட்டது. வாசலில் வந்து நின்றார். வலது கை ஆள்காட்டி விரலை இடது உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டிருந்தார். வலி அவ்வளவு இருந்திருக்காது, பாதிச் சக்திதானே. ஆனால் முகத்தில் ரத்தம் இல்லை.

"நீ பேசினது கேட்டுச்சு," என்றார். "விரல்ல கேட்டுச்சும்மா. நீ ஒவ்வொரு எழுத்தாச் சொன்னே இல்ல, ஒவ்வொண்ணா..." பொத்திய கையைத் திறந்து விரலைப் பார்த்தார். "நாலு மாசம்," என்றார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் விரல்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். டாக்டர் பார்த்த மாதிரி இல்லை. "வெறும் ரேடியோவோட போச்சு. பெட்டிக்குள்ள வீட்டுக் கரண்டு கசிஞ்சிருந்தா? அதே குழாய், அதே ஈரக் கை. நான் உன்னைக் கொன்னிருப்பேனே. அதையும் சைபர்னு எழுதி வெச்சிருப்பேன்."

சொல்வதற்காக நாலு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வசனம் ஒரு கூடை இருந்தது. ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

பிளாஸ்டிக் குழாயைப் பற்றிச் சொன்னேன். எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வருகிற வழியிலேயே குழாயில் சுற்றியிருந்த கம்பியையும் அவிழ்த்துவிட்டார். அடுத்த இரண்டு நாளில் தோட்டத்தில் செம்புக் கம்பிகளை மண்ணுக்குள் அடித்து இறக்கியது, வீட்டு எர்த்தோடு கனமான கம்பி போட்டு ஒன்றாக இணைத்தது, ஒவ்வொரு முடிச்சையும் நான் பரிசோதித்துத் தலையாட்டிய பிறகே மண் போட்டு மூடியது எல்லாம் உண்டு. ஆனால் நான் சாகும்வரை மறக்காதது அந்த மாலையில் அடுத்து நடந்ததுதான்.

ரேடியோவில் எட்டுப் பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். இவர் சக்தியைக் கடைசி அளவுக்குக் குறைத்துவிட்டு மைக்கைக் கையில் எடுத்தார்.

"எர்த் அண்ணன் பேசறேன். எல்லாரும் கேளுங்க. எங்க வீட்ல குழாய் கடிக்குதுன்னு நாலு மாசமா சொல்லிக்கிட்டிருந்தாங்க. நான் மீட்டரை நம்பினேன், இவங்களை நம்பல. நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இவங்க விரல்ல ஒரு கோளாறும் இல்ல. குழாய் கடிக்குது. என்னையும் கடிச்சுது, நீங்க கேட்டீங்க. கோளாறு என் எர்த்துல. நான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்துல நாலாவது பாயிண்ட் தப்பு. அதை அடிச்சுடுங்க. ஓவர்."

வெறும் இரைச்சல். எட்டுப் பேரில் ஒருவர்கூடப் பட்டனை அழுத்தவில்லை. தனியாக என்னிடம் சொல்லியிருந்தால் போதும், நான் மன்னித்திருப்பேன். எட்டுப் பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று அவருக்கே தோன்றியதே.

கடைசியில் பல் டாக்டர்தான் பேசினார். சிரிப்பு இல்லாத குரல். "அண்ணே... ஃப்ரிட்ஜ் கதவு சுள்ளுங்குதுன்னு என் மனைவி சொல்றா. சாயங்காலத்துலதான்னு சொல்றா. நான், உன் செருப்பை மாத்துன்னு சொன்னேன்." பட்டனை விட்டு மறுபடி அழுத்தினார். "ஒரு நிமிஷம் அண்ணே. வந்துடறேன்."

அடுத்து பேக்கரிக்காரர். "எங்கம்மா குளிக்கற ரூம் பைப்பைத் தொட மாட்டேங்கறாங்க. வயசான காலத்துல ஏதோ பிரமைன்னு விட்டுட்டேன். நானும் போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

அடுத்து பட்டனை அழுத்தியவர் கணக்கு வாத்தியார். நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

இவர் மைக்கை என்னிடம் நீட்டினார். "கூப்பிடு," என்றார். என் அழைப்புக்குறியைச் சொல்லி, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். அலைவரிசையில் ஒருவரும் இல்லை. ஒவ்வொருவரும் எழுந்து, அவரவர் வீட்டுக்குள் கேட்கப் போயிருந்தார்கள்.